கிடாவுக்கு வைத்த தண்ணீர்

எனக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்று தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சொன்ன வாரம், என் வீட்டுக்காரர் ஊர் எல்லையில் இருக்கும் முனியிடம் போய் ஒரு கிடா நேர்ந்துகொண்டு வந்தார். நான் உயிரோடு வீடு திரும்பினால் வெட்டுவதாக வேண்டுதல். திரும்பினேன். ஒருநாள் விட்டு ஒருநாள் பஸ் ஏறிப் போய், ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து மறுபடி ஏற்றிக்கொள்ள வேண்டிய உடம்பாகத் திரும்பினேன். அவர் சந்தையில் ஒரு குட்டியைப் பிடித்துவந்து கொட்டகையில் கட்டினார். உடம்பெல்லாம் கறுப்பு, ஒரு காது மட்டும் வெள்ளை.

"நானே எழுந்து நிக்க முடியாம கெடக்கேன். இதுல ஆட்டுப் பொழப்பு வேறயா எனக்கு?" என்று கத்தினேன்.

"நீ படுத்துக்க. நான் பாத்துக்கிறேன்" என்றார்.

எங்கே பார்த்தார்! குத்தகை நிலம், நாற்றங்கால், களை என்று விடிவதற்குள் வயலுக்குப் போய்விடுவார். குட்டி பசியில் கத்தும். அந்தச் சத்தம் பொறுக்காமல்தான் நான் முதலில் எழுந்தேன். பாசம், மண்ணாங்கட்டி எல்லாம் ஒன்றும் கிடையாது. வாயை மூடினால் போதும் என்று கொல்லையிலிருந்து அகத்தித் தழையை ஒடித்துப் போட்டேன். அப்புறம் அது நான் எழுந்திருக்கும் சத்தத்துக்கே கத்த ஆரம்பித்துவிட்டது. படுத்துக் கிடக்க விடுவேனா என்கிற மாதிரி கத்தும். வெளியே வந்து, "டேய், உனக்கு வயிறா வண்ணான் சாலா?" என்று திட்டுவேன். திட்டத் திட்ட வாலை ஆட்டும்.

எனக்குக் கீரை ஆகாது, வாழைப்பழம் ஆகாது, இளநீர் கூடவே கூடாது. எனக்கு விலக்கியதெல்லாம் அதற்கு விருந்தானது. ஆனால் சோற்றைக்கூட விட்டுவிடலாம். தண்ணீர்தான் என்னைக் கொன்றது. ஒரு நாளைக்கு இதற்குமேல் குடிக்கக் கூடாது என்று ஒரு சின்னச் சொம்பைக் காட்டியிருந்தார்கள். ஆற்றில் தண்ணீர் திறந்துவிட்டால் எங்கள் வீட்டுப் பின்னால் வாய்க்கால் கரை தொட்டு ஓடும். வயல் முழுக்கத் தண்ணீர், வரப்பு வழிந்து தண்ணீர். நான் நாக்கு ஒட்டிக்கொண்டு அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். எத்தனையோ நாள் திருட்டுத்தனமாகக் குடித்து, முகம் வீங்கி, மூச்சு வாங்கி, ஆஸ்பத்திரியில் வசவு வாங்கியிருக்கிறேன்.

ஒரு நாள் சொம்பில் கடைசி மடக்கு இருக்கும்போது கிடா வந்து மூக்கை நுழைத்தது. எரிச்சலில் "டேய்!" என்று கத்தி, அந்தத் தண்ணீரை அதன் முதுகில் கொட்டினேன். அது தலையிலிருந்து வால்வரை ஒரு சிலுப்புச் சிலுப்பியது பாருங்கள், என் மூஞ்சியெல்லாம் தண்ணீர். சிரித்துவிட்டேன். நோய் வந்த பிறகு நான் சிரித்த முதல் சிரிப்பு அதுதான். அது தலையைச் சாய்த்து என்னையே பார்த்தது. அன்றிலிருந்து எங்களுக்கு அதுதான் விளையாட்டு. தினம் சொம்பில் கடைசி மடக்கை அதற்கென்று வைத்துவிடுவேன். முதுகைக் காட்டிக்கொண்டு வந்து நிற்கும். 'டேய்' என்று கத்தி ஊற்றுவேன், சிலுப்பும், சிரிப்பேன்.

தாகத்தோடு மல்லுக்கட்ட எனக்கு ஒரு துணை கிடைத்தது. ஆஸ்பத்திரியில் எடை பார்க்கும் நர்ஸ் பெண், "என்னக்கா, உடம்புல தண்ணி கம்மியாதான் ஏறியிருக்கு? சமத்தாயிட்டீங்க!" என்றாள். ரத்தம் எடுக்கிற ஊசியைக் குத்துவதற்காக என் இடது கையில் ரத்தக் குழாயைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். தொட்டால் உள்ளே கிர்ரென்று ஓடுவது தெரியும். எனக்கே அருவருப்பாக இருக்கும் அந்த இடத்தில்தான் கிடா தாடையை வைத்துக்கொண்டு கண் சொக்கும். இதைச் சொன்னதும் அந்தப் பெண், வெளிநாட்டில் நோயாளிகளுக்குத் துணையாக நாயைப் பழக்கி ஆஸ்பத்திரிக்கே கூட்டி வருவார்களாம் என்று போனில் படம் காட்டினாள்.

"எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு. அதை வெட்டப்போறோம்" என்றேன். அவள் சிரித்தாள். வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்துவிட்டாள்.

சம்பா அறுப்பு முடிந்ததும் வீட்டுக்காரர் கிடா வெட்டும் பேச்சை எடுத்தார்.

"எனக்கு என்ன கொணமாயிடுச்சு? எதுக்குங்க கிடா? வேற ஒண்ண வாங்கி வெட்டுங்க."

"நேர்ந்துவிட்டத மாத்தக் கூடாதுடி. கொணமாக்குன்னு நான் கேக்கல. உசுரோட வரணும்னு கேட்டேன். வந்துட்டேல்ல?"

"இது ஒரு உசுரா?"

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். வேண்டுதலைக் கழிக்காவிட்டால் நான் போய்விடுவேன் என்று அவருக்குப் பயம். கோபப்படலாம் என்றால் அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டார் மனுஷன்.

கோயிலில் கிடாவுக்கு மாலை போட்டு நிறுத்தினார்கள். வெட்டுவதற்கு முன் அதன்மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவது எங்கள் பக்கத்து வழக்கம். அது உடம்பைச் சிலுப்பினால் சாமி சம்மதம் கொடுத்ததாக அர்த்தம். சிலுப்பாத கிடாவை வெட்ட மாட்டார்கள். பூசாரி ஊற்றினார். கிடா அசையவில்லை. மறுபடி ஊற்றினார். கூட்டத்தில் என்னைத் தேடிக்கொண்டு சும்மா நின்றது. என் வீட்டுக்காரர் ஊற்றினார். நனைந்த உடம்போடு அப்படியே நின்றது.

"சாமி மனசு வைக்கல போலருக்கே. அவுத்து விட்ருவோமா?" என்றார் பூசாரி. முனியப்பா, உனக்குக் கோடிப் புண்ணியம் என்று மனசுக்குள் கும்பிட்டேன்.

அப்போது என் நாத்தனார் வாயைத் திறந்தார். "யாருக்காக நேர்ந்ததோ அவ கையால ஊத்தட்டுமே."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். வீட்டுக்காரர் செம்பை நீட்டினார்.

"ஊத்துடி. எனக்காக ஊத்து."

வாங்கினேன். 'டேய்' என்று கூப்பிட்டால்தானே அதற்கு விளையாட்டு? கூப்பிடாமல், பேசாமல், மெதுவாக ஊற்றினால் சிலுப்பாது என்று நம்பினேன். உதட்டைக் கடித்துக்கொண்டு கிட்டே போனேன். கிடா என்னைக் கண்டதும் வாலை ஆட்டியது. திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. முதல் சொட்டு விழுவதற்குள் சிலுப்பிவிட்டது. தலையிலிருந்து வால்வரை. என் மூஞ்சியெல்லாம் மஞ்சள் தண்ணீர். பெண்கள் குலவை போட்டார்கள். அது தலையைச் சாய்த்து, நான் சிரிப்பேன் என்று என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது.

அன்றைக்கு ஊரே வந்து சாப்பிட்டது. நான் இலையில் கை வைக்கவில்லை. வீட்டுக்காரரும் சாப்பிடவில்லை, ஆனால் அவர் முகம் தெளிந்திருந்தது. இனிமேல் எனக்கு ஒன்றும் ஆகாதாம். அன்றிரவு நெடுநாளைக்குப் பிறகு குறட்டை விட்டுத் தூங்கினார்.

இப்போது யாரும் கத்தி என்னை எழுப்புவதில்லை. வெயில் ஏறும்வரை படுத்தே கிடக்கிறேன். போன தடவை தஞ்சாவூரில் எடை பார்த்த நர்ஸ் பெண் முகம் சுளித்தாள்.

"என்னக்கா இது, இவ்வளவு தண்ணி ஏறியிருக்கு? கால் எப்படி வீங்கியிருக்கு பாருங்க. நல்லாத்தானே இருந்தீங்க? கடைசி மடக்கை வச்சிருவேன்னு சொல்லுவீங்களே?"

"யாருக்கு வைக்கச் சொல்றே?" என்று கேட்டுவிட்டு, ஊசிக்குக் கையை நீட்டினேன்.