அரக்கு வைத்த ஓட்டை

ஒரு பிளம்பரின் பிழைப்பில் நான் மண்ணைப் போட்டேன். தவறு முழுக்க என்னுடையது. பழியை மட்டும் அவர் தலையில் கட்டினேன். அப்போது ஏற்காட்டில் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியராக இருந்தேன். அதனால் பழியைக்கூட விஞ்ஞான முறைப்படி கட்ட முடிந்தது.

எண்பதுகளின் கடைசி. கடலையே பார்க்காத மலைப் பிள்ளைகளுக்குக் கடலைக் காட்ட வேண்டும் என்று எங்கள் தலைமையாசிரியருக்கு ஆசை வந்தது. துறைமுகத்தில் காப்பி மூட்டையை இறக்கிவிட்டுச் சும்மா திரும்பும் எஸ்டேட் லாரியில் கேன் கேனாகக் கடல்நீர் வந்தது. கூடவே வெள்ளைப் பட்டை போட்ட நான்கு ஆரஞ்சு மீன்களும் ஒரு நண்டும். தலைமையாசிரியர் அறைக்கு வெளியே வராந்தாவில் கண்ணாடித் தொட்டி வைத்தோம். அதற்கு அடியில் மர அலமாரிக்குள் இன்னொரு தொட்டி. அதற்குச் சம்ப் என்று பெயர். மேலே வழியும் நீர் சம்பில் இறங்கி, மணலிலும் பஞ்சிலும் வடிந்து, மோட்டார் வழியாக மறுபடி மேலே ஏறும். மீன்களின் வாலைக் கடித்ததால் நண்டைச் சம்புக்கு இடமாற்றம் செய்தோம்.

குழாய் வேலை செய்தவர் பக்கத்து ஊரான வெள்ளக்கடையைச் சேர்ந்தவர். எங்கள் பள்ளிக்கும் நாலைந்து எஸ்டேட்டுகளுக்கும் அவர்தான் பிளம்பர். வேலை முடிந்ததும், நீர் ஏறும் குழாயில், மேல்தொட்டியின் நீர்மட்டத்தை ஒட்டி, சூடாக்கிய ஆணியால் ஒரு சிறு ஓட்டை போட்டார்.

"ஏங்க, நல்ல குழாயில எதுக்கு ஓட்டை?"

"கரண்ட்டு போனா தண்ணி திரும்பிக் கீழ வரக்கூடாதில்லீங்க சார். ஓடையில ஓஸ் பைப்பைப் போட்டுக் காட்டுக்குத் தண்ணி உடறமே, அதுல காத்துப் பூந்தா நின்னு போயிருமுங்க. அதே கதைதானுங்க."

இருபது வருடம் சைஃபன் பாடம் நடத்தியவனுக்கு ஓடைக்கதை எதற்கு? தலையை மட்டும் ஆட்டிவைத்தேன்.

அந்த ஓட்டையிலிருந்து நூல் போல நீர் பீய்ச்சிக் கண்ணாடியில் உப்புக்கறை படிந்தது. ஆண்டு விழாவுக்கு முதல் நாள் எனக்கு அது பொறுக்கவில்லை. ஆய்வகத்திலிருந்து சிவப்பு அரக்கைக் கொண்டுவந்து உருக்கி அடைத்தேன். அதோடு விட்டேனா? சம்பில் முக்கால் அளவுதான் நீர் இருந்தது. ஏற்காட்டுக் கோடையின் தண்ணீர்ப் பஞ்சத்தைக் கண்டவர்கள் எந்தப் பாத்திரத்தையும் குறையாக விட மாட்டோம். குடமோ அண்டாவோ, விளிம்புவரை நின்றால்தான் தூக்கம் வரும். மிச்சமிருந்த இரண்டு கேனையும் சம்பில் கவிழ்த்தேன்.

மறுநாள் சிறப்பு விருந்தினர் தொட்டியைப் பாராட்டிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. மோட்டார் நின்றது, காற்றுப் புக ஓட்டை இல்லாததால் ஏறிய குழாய் வழியாகவே நீர் இறங்கியது. நிறைந்திருந்த சம்பு பொங்கி வராந்தாவை நனைத்து, தலைமையாசிரியர் அறைக் கம்பளத்தை மிதக்கவிட்டது. நண்டு அவர் நாற்காலிக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டது. பிள்ளைகள் தரையைத் தொட்டு நக்கினார்கள்.

"சார், நெசமாலுமே உப்புங்க சார்! நொம்ப உப்பு!"

என் பணிக்காலத்தில் வெற்றிகரமாக நடந்த ஒரே செய்முறை வகுப்பு அதுதான். மீன்கள் மிஞ்சிய நாலு விரல் நீரில் தப்பித்துக்கொண்டன.

"யார் வேலை இது?" என்றார் தலைமையாசிரியர்.

"பிளம்பருதான் சார். காற்றழுத்தத்தையே அவரு யோசிக்கலை."

ஆள் அனுப்பி அவரை வரவழைத்து, அத்தனை பேர் முன்னிலையிலும் திட்டினார் தலைமையாசிரியர். பிளம்பர் குழாயைத் தடவினார். அரக்கை நகத்தால் சுரண்டினார். என் முகத்தைப் பார்த்தார். நான் நண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்பேனர் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பள்ளி வேலை சேலத்து ஆளுக்குப் போனது. செய்தி எட்டியதும் எஸ்டேட்டுகளும் அவரைக் கூப்பிடுவதை நிறுத்தின.

ஒரு மாதம் கழித்து ஒண்டிக்கடை முச்சந்தியில் அவரைப் பார்த்தேன். கையில் ஸ்பேனர் பை இல்லை. காப்பிப் பழம் பறிக்கும் கூடை இருந்தது. மறுநாள் அதே இடத்தில் காத்திருந்தேன்.

"தப்பு என்னுதுங்க. மன்னிச்சிருங்க."

"தெரியுமுங்க சார். எங்கூட்ல அரக்கு ஏதுங்க?"

"தலைமையாசிரியர்கிட்ட தனியாச் சொல்லிடறேன்."

"என்னைய அவரு தனியாவாங்க சார் திட்டுனாரு?"

திங்கட்கிழமை காலை வழிபாட்டில், பள்ளி முழுவதும் நிற்க, நடந்ததை எல்லாம் சொன்னேன். அரக்கைப் பற்றிச் சொன்னபோது சிரிக்க ஆரம்பித்த பிள்ளைகள், கேனைக் கவிழ்த்த இடத்தில் வரிசை கலைந்து சிரித்தார்கள். தலைமையாசிரியர் சிரிக்கவில்லை. அந்த வாரமே பிளம்பரை அழைத்து, அதே பிள்ளைகள் முன்னால் வருத்தம் தெரிவித்தார். எஸ்டேட்டுகளுக்கும் கடிதம் எழுதினார். பிளம்பர் அரக்கைச் சுரண்டி எடுத்தார். சம்பின் கண்ணாடியில் பெயின்ட்டால் கோடு போட்டு, "இதுக்கு மேல வாத்தியாரு ஊத்தப்படாது" என்றார். மறுபடியும் ஒரே சிரிப்பு.

பள்ளி வேலை அவருக்குத் திரும்பியது. எஸ்டேட்டுகளில் இரண்டு மட்டும் கடைசிவரை அவரைக் கூப்பிடவே இல்லை. அதற்கு என்னிடம் பரிகாரம் இல்லை.

பிறகு என் வீட்டுச் சமையலறைக் குழாய் ஒழுக ஆரம்பித்தபோது அவரைத் தேடிப் போனேன். டீ வாங்கிக் கொடுத்தார், என் பிள்ளைகளின் படிப்பை விசாரித்தார். கடைசியில், "உங்க ஊட்டுக்கு மட்டும் வேற ஆளைப் பாத்துக்கங்க சார்" என்றார்.

வேறு ஆளைக் கூப்பிட எனக்கு மனம் வரவில்லை. நானே வாஷர் மாற்றிப் பார்த்தேன். அதற்குப் பிறகு அது இன்னும் வேகமாக ஒழுகியது.