சின்ன மீனுக்குத் தனித் தீனி

சிவகாசியில் பட்டாசுக் கம்பெனி நடத்தும் அண்ணன் தம்பிகளில் அவர் இளையவர். ஐம்பது வயதிருக்கும், நல்ல உயரம். ஆனால் அண்ணன் குரல் கேட்டால் தோளைக் குறுக்கிக்கொண்டு எழுந்துவிடுவார். போனில் கேட்டாலும் எழுவார்.

அவர் வீட்டுக் கடல்மீன் தொட்டியைப் பார்த்துத்தான் நானும் சில கோமாளி மீன்களும், அவை குடியிருக்க ஒரு கடல் சாமந்தியும் வாங்கினேன். ஒருநாள் பெரிய மீன்கள் சேர்ந்து கடைக்குட்டியைக் கடித்து, சாமந்தியை விட்டே விரட்டிவிட்டன. வால் கிழிந்த அதை வாளியில் போட்டு, விருதுநகரில் சிவகாசி பஸ் ஏறினேன். பக்கத்து ஆள் "குழம்புக்கா?" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் வீட்டில் வாளியை இறக்கிவைத்துவிட்டுச் சொன்னேன்.

"பாவம்னு இதுக்கு மட்டும் தனியாத் தீனி போட்டேன் அண்ணாச்சி. நல்லா வளந்துச்சு. அப்புறந்தான் இப்படி."

"ஏன் போட்டீக? சின்னதா இருக்க வரைக்குந்தான் அதுக்கு அங்கன எடம். வளந்தா அடிச்சு வெரட்டிப்புடும். அதுக்குப் பயந்துதான் அது வளராமலே இருக்கும்."

"என் சம்சாரத்துக்கிட்ட நான் இருக்கிற மாதிரி" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

உள்ளேயிருந்து அண்ணன் குரல் வந்தது. "அங்கன என்னலே பேச்சு? லோடு ஏத்தப் போகலையா?"

எழுந்தார். "இந்தா போறேண்ணே."

போகுமுன் மீனை வேறொரு சிறு தொட்டியில் விட்டார். "பொளச்சுக்குமா?" என்றேன்.

உள்வாசலை ஒருமுறை பார்த்துவிட்டு, என் காதருகே குனிந்தார். "தனியா இருந்தா நல்லாவே பொளச்சுக்கும்."

ஒரு மீனைப் பற்றிச் சொல்ல அம்புட்டு ரகசியம் எதற்கு என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. நானும் ரகசியமாகத்தான் "சரிங்கண்ணாச்சி" என்றேன்.