வேரில் வைத்த அசிட்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கேகாலைப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் அக்கா பால் வெட்டினாள். நான் ரப்பர் ஷீட் போடும் ஸ்டோரில் அந்தப் பாலுக்கு அசிட் ஊற்றினேன். தண்ணீரில் கலக்கிய அசிட்டை விட்டால், மறுநாள் காலையில் தட்டிலிருக்கும் பால் வெள்ளைப் பலகையாக இறுகி நிற்கும். அதை உருளைக்குள் கொடுத்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் பிதுங்கி ஓடும். இதையே வருடக்கணக்கில் பார்த்த எனக்கு, அசிட் பட்டால் எதுவும் இறுகிவிடும் என்று ஒரு திமிரான நம்பிக்கை.

அக்காவுக்கு மேல்வரிசை முன்பல்லில் வலி வந்தது. ஈறு விலகி, வேர் மஞ்சளாகத் தெரிந்தது. பல் லேசாக ஆடவும் செய்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை எஹலியகொடயிலிருந்து அவளைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஏற்கெனவே இரண்டு இடம் வந்து, தேநீர் குடித்துவிட்டுப் போய், பிறகு பதிலே இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் பல்லைப் பிடுங்கிவிடுவார்கள் என்று அக்கா பயந்தாள்.

"ஞாயித்துக்கெழம வரைக்கும் இது நின்னா போதும்டி. பெறகு புடுங்கி எறிஞ்சாலும் பரவால்ல."

"நான் நிக்க வைக்கிறேன். நீ வாயத் தொற," என்றேன்.

ஸ்டோரில் கலக்கி வைத்திருந்த அசிட்டைச் சின்னப் போத்தலில் கொண்டுவந்து, பஞ்சில் தோய்த்து வேரில் வைத்தேன். காலையும் மாலையும், மூன்று நாள். அவள் கண்ணில் நீர் கொட்டியது.

"எரியுதா?"

"எரியுது. ஆனா ஆட்டம் கொறஞ்சாப்ல இருக்கு."

உண்மையிலேயே குறைந்ததா, என் மனம் கோணக்கூடாதென்று சொன்னாளா, இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கத் தைரியமும் இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் ரொட்டியைக் கடித்தாள். பல் வேரோடு ஒட்டிய இடத்தில் முறிந்து கையில் விழுந்தது. விரலால் அழுத்தினேன், ஊறிய சுண்ணாம்பு போல ஓரம் உதிர்ந்தது. ஆயிரம் வேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். நான் ஒரே ஒரு வேரைக் கொன்று அந்தப் பட்டத்தை வாங்கிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தார்கள். எத்தனையாம் வகுப்பு வரை படித்தாய் என்று கேட்டபோது, அக்கா உதட்டை இறுக்கிக்கொண்டு எட்டு விரலைக் காட்டினாள். மாப்பிள்ளையின் அத்தை எங்கள் லயத்து வீட்டுப் படியில் இறங்கும்போதே, எங்கள் காதில் விழட்டும் என்றுதான் சொன்னாள்: "பொண்ணு வாயே தொறக்கலயே. ஊமையோ என்னமோ."

மறுநாள் கேகாலைக்குப் போய்ப் பல் டாக்டரிடம் காட்டி, அசிட் பட்ட கதையைச் சொன்னோம். அவர் சிங்களத்தில் பொறுமையாக விளக்கினார். பல்லின் வேர் காய்ந்த கல் இல்லையாம். உள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள், அவற்றில் எப்போதும் ஈரம். அசிட் வேரிலுள்ள சுண்ணாம்பைக் கரைத்துவிடும். மிஞ்சுவது வெறும் வலை மாதிரி ஒன்று. ஈரம் இருக்கும்வரை அந்த வலை விரிந்து நிற்கும், காய்ந்தால் மடங்கிவிடும். ஏற்கெனவே கெட்டிருந்த பல்லை அசிட் முடித்துவிட்டது என்றார். பாலை இறுக்கும் அதே அசிட் வேரைக் கரைக்கும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"அசிட்டை யார் வைத்தது?" என்று கேட்டார் டாக்டர். அவர் கண் என் விரல்களில் இருந்தது. ஸ்டோர்காரியின் விரல்நுனிகள் தோல் உரிந்து வெளுத்துத்தான் இருக்கும்.

நான் வாயைத் திறப்பதற்குள், அக்கா கையால் வாயை மறைத்துக்கொண்டு சொன்னாள்: "மம தமய், டொக்டர்." நான்தான் என்று.

பஸ்ஸில் வரும்போது, "அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லிக்கிறாத," என்றாள். அம்மாவிடம் அடி வாங்கப் பயந்த எனக்கு அது வசதியாகப் போயிற்று. அதற்குப் பிறகு அம்மா இருந்த காலமெல்லாம், "அசிட்ட வாயில வச்சுக்கிட்ட கிறுக்கி" என்று அக்காவைத்தான் ஏசினாள். அக்கா மறுபேச்சுப் பேசமாட்டாள். நானும் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். எங்கள் வீட்டில் பல் போனது அக்காவுக்கு. சொல் போனது எனக்கு.