ஜூலையில் வைத்த பொங்கல்

எங்கள் வீட்டு பீரோவின் அடித்தட்டில் விரித்திருந்த பழைய செய்தித்தாளுக்குக் கீழே அந்தப் புகைப்படம் கிடந்தது. அப்போது பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தேன். பள்ளியில் சுதந்திர தின விழா நடனத்துக்குக் கட்ட அம்மாவின் பட்டுப் புடவையைத் தேடப் போய், இது அகப்பட்டது. வேடந்தாங்கல் ஏரிக்கரையில் அம்மா நிற்கிறாள். நைலக்ஸ் புடவை, ஒற்றைப் பின்னல், முந்தானையை இழுத்து முன்பக்கம் போர்த்திப் பிடித்திருக்கிறாள். ஆள் ஒல்லிக்குச்சி. படம் வேறு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அப்பா எடுத்தால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

வலது மூலையில் ஆரஞ்சு நிறத்தில் தேதி இருந்தது. அந்தக் காலத்து வெளிநாட்டு கேமராக்கள் தாமாகவே படத்தில் பதித்துத் தருமே, அந்தத் தேதி. வருடம், நான் பிறந்த வருடம். மாதம் ஜூன். நான் பிறந்ததோ ஆகஸ்டு.

விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். மறுபடியும் எண்ணினேன். ஏழு மாத வயிறு எங்கே போயிற்று? முந்தானையில் மறைக்கிற சமாச்சாரமா அது?

நேரே சமையலறைக்குப் போய்க் கேட்டிருக்க வேண்டும். எங்கள் ஊர் சிங்கப்பெருமாள் கோயில்; அங்கே எங்கள் தெருவில் என்னை மிஞ்சிய வாயாடி கிடையாது. ஆனால் இதைக் கேட்க மட்டும் வாய் வரவில்லை. கல்யாணமாகிப் பல வருடம் கழித்துப் பிறந்த ஒற்றைப் பிள்ளை நான். அத்தை வரும்போதெல்லாம், "உன்ன தவுட்டுக்கு வாங்கினாங்கடி" என்று சீண்டுவாள். எல்லா வீட்டிலும் எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்வதுதான். அன்றைக்கு அது கேலியாகப் படவில்லை. ஒளிக்க ஒன்றும் இல்லையென்றால் இந்த ஒரு படம் மட்டும் ஏன் ஆல்பத்துக்குப் போகாமல் பீரோவில் செய்தித்தாளுக்கடியில் கிடக்கிறது?

படத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, நல்ல பெண்ணாக மாறிவிட்டேன். குழம்பில் உப்பு இல்லையென்றாலும் வாயைத் திறக்கவில்லை. தீபாவளிக்கு அம்மா எடுத்துவந்த பச்சை சுடிதாரைப் பார்த்ததும் பற்றிக்கொண்டுதான் வந்தது. "நல்லா இருக்கும்மா" என்றேன். அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். கண்ணாடி முன்னால் நின்று மூக்கை ஆராய்வதே எனக்கு வேலையாகிப் போனது. அம்மாவுக்கு எடுப்பான மூக்கு, எனக்குச் சப்பை. அப்பாவுக்கும் சப்பை மூக்குதான் என்பது அந்த நாட்களில் என் மண்டையில் ஏறவேயில்லை. பயம் வந்துவிட்டால் பாதிதான் கண்ணில் படும் போலிருக்கிறது.

மழைக்காலம் வந்தது. ஒருநாள் அப்பா கம்பெனியிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே, "வேடந்தாங்கல்ல தண்ணி ரொம்பிடிச்சாம். பறவைங்கல்லாம் வந்துகீதாம். ஞாயித்துக்கெழம போலாமா?" என்றார்.

எனக்குச் சுரீர் என்றது. அந்தப் படத்தில் தண்ணீர் இருந்ததே!

அம்மா கடைக்குப் போகும்வரை காத்திருந்து படத்தை எடுத்தேன். அம்மாவுக்குப் பின்னால் கரை முட்டத் தண்ணீர். தண்ணீருக்குள் நிற்கும் மரங்களில் வெள்ளை வெள்ளையாகப் பறவைகள், நடுவே கூடுகள். ஒரு ஜூன் மாதம் அந்தப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது அதே ஏரியைப் பார்த்திருக்கிறேன். தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடக்க, பையன்கள் உள்ளே இறங்கி கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆக, தேதி பொய் சொல்கிறது. எவ்வளவு பொய், அதுதான் தெரிய வேண்டும்.

ஆல்பத்தை இழுத்துப் போட்டு ஆரஞ்சு எண்களைத் தேடினேன். எங்கள் வீட்டில் கேமரா கிடையாது. அப்பாவின் நண்பர் ஒருவருக்கு துபாயிலிருந்து வந்த கேமராவை இரவல் வாங்கி எடுத்தவை ஐந்தாறு இருக்கும். அதில் ஒன்று பொங்கல் படம். வாசலில் பானை, சாய்த்து வைத்த கரும்பு, அம்மா மடியில் குல்லா போட்டுக்கொண்டு நான். படத்தை ஆல்பத்தில் பொருத்த மூலையில் ஒட்டியிருந்த கறுப்புக் காகிதம் தேதியை மறைத்திருந்தது. மெதுவாக உருவி எடுத்தேன்.

அதே வருடம், ஜூலை.

பிறப்பதற்கு ஒரு மாதம் முன்பாகவே நான் விரல் சப்பிக்கொண்டு பொங்கல் பானையை வேடிக்கை பார்த்திருக்கிறேன். தை மாதத்தை ஜூலை என்கிற கேமரா அது, சரியாக அரை வருடம் பின்தங்கி ஓடியிருக்கிறது. அப்படியானால் ஏரிக்கரைப் படத்தின் ஜூன், டிசம்பர். எனக்கு அப்போது நான்கு மாதம். அம்மாவின் வயிற்றில் நான் எப்படி இருப்பேன்? அப்பாடா! தரையில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். சிரிப்பு நிற்கவேயில்லை.

"இன்னாடி, தானா சிரிச்சிகினு கீற?" அம்மா வாசற்படியில் காய்ப் பையுடன் நின்றிருந்தாள். என் கையிலிருந்த ஏரிக்கரைப் படத்தைப் பார்த்ததும் வெடுக்கென்று பிடுங்கினாள். "இத கிழிச்சிப் போட சொன்னேனே உங்கப்பாவ! ஒளிச்சி வச்சிகீறாரா அந்த மனுசன்?"

"ஏம்மா கிழிக்கணும்?"

அம்மாவுக்கு வெட்கம் வந்துவிட்டது. "முந்தானைய ஏன் இப்டி புடிச்சிகினு கீறேன்னு பாரு" என்று படத்தைத் தொட்டுக் காட்டினாள். முந்தானை மூடாத இடத்தில் ரவிக்கை ஈரமாகக் கறுத்திருந்தது. "நீ பசியில கத்துற. இவரு ஒரே ஒரு போட்டோன்னு நிக்க வச்சிட்டாரு. பால் ஊறி நனைஞ்சிப்போச்சி. இத யாருகைல காட்றது?"

"நான் எங்க?"

படத்தின் அடியில் மண்ணில் விழுந்திருந்த அப்பாவின் நிழலைக் காட்டினாள். ஒரு தோள் மட்டும் உருண்டு புடைத்திருந்தது. "அதான் நீ. உன்ன ஒரு கையில வச்சிகினு ஒத்தக் கையில எடுத்தாரு. அதான் கோணலா கீது."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். திட்டுவாள் என்று பார்த்தால், அம்மா பையை வைத்துவிட்டுக் கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"அதுக்குத்தான் இத்தினி நாளா வாயத் தொறக்கலியா நீ? ஒடம்புக்குதான் எதுனா வந்துடிச்சோ, எவனையாவது இஷ்டப்பட்டுட்டியோன்னு கோயில் கோயிலா வேண்டிகினு கீறேன்டி. யாரோ வூட்டுப் பொண்ணு வந்து தங்கிகினு கீறமாதிரி கீதுன்னு உங்கப்பா கைல சொல்லி அழுதேன்."

முந்தானையால் என் முகத்தை அழுத்தித் துடைத்தாள். பிறகு, "மழ வர்றமாதிரி கீது. மாடில துணி காயுது, போய் எடுத்தா" என்றாள்.

"நான் போமாட்டேன். நீ போ" என்றேன்.

அம்மாவின் முகத்தில் அத்தனை நிம்மதியை நான் பார்த்ததே இல்லை. "கொழுப்பப் பாரு இவளுக்கு" என்று சத்தமாகத் திட்டிக்கொண்டே எழுந்துபோய், அவளே துணியை எடுத்துவந்தாள்.