ஆறாவது சிம்பொனிக்கு அடியில்

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பது அவள் வேலை. பகலெல்லாம் இயந்திரத்தின் கிறீச்சொலியில் கிடந்துவிட்டு வீடு திரும்பினால் அவளுக்கு வேண்டியது ஒரே ஒருவருடைய இசைதான். ஏழு சிம்பொனிகள் எழுதிவிட்டு என்றோ செத்துப்போனவர் அவர். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு பதிவு, இருப்பதில் நல்லது, வீட்டில் இருக்க வேண்டுமென்று தேடிக்கொண்டிருந்தாள். ஐந்து முடிந்திருந்தது. மூன்றாவதற்கு, நடுவில் யாரோ இருமும் பழைய மேடைப் பதிவையே வைத்துக்கொண்டாள். அதில்தான் வயலின்களுக்கு உயிர் இருந்தது. பஸ் ஓட்டும் கணவனோ முதல் சிடி சுழலும்போதே தூங்கிவிடுவான். மாடியில் குடியிருந்த தையற்காரர் அவளுக்கு 'சிம்பொனியம்மா' என்று பட்டம் சூட்டியிருந்தார்.

ஆறாவதில் சிக்கல் வந்தது. அதன் இரண்டாம் பகுதி கேட்டும் கேளாததுமாகத் தொடங்கும். அந்த இடத்தில், இசைக்கு அடியில், ஓர் உறுமல். சிடி கோளாறு என்று வாங்கிய கடைக்கு எடுத்துப் போனாள். கடைக்காரர் போட்டுக் காட்டினார், சுத்தமாக இருந்தது. வேறோர் இசைக்குழுவின் பதிவை வாங்கி வந்தாள். அதிலும் உறுமல். இன்னொன்றிலும். கணவன் காது டாக்டரிடம் அனுப்பினான். காதில் குறையில்லை என்றார் டாக்டர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்டாள். உறுமல் இல்லை. ஹெட்ஃபோனைக் கழற்றி, கருவியையும் அணைத்தாள். உறுமல் இருந்தது. குனிந்து தரையில் உள்ளங்கையை வைத்தாள். தரைக்கல் மெல்ல அதிர்ந்தது.

அன்றிலிருந்து அவள் எதையும் போடவில்லை. சும்மா உட்கார்ந்து கேட்டாள். உறுமல் வாரத்துக்கு வாரம் தடித்தது. குளியலறைக் கதவு நிலையில் இடித்தது. வீட்டுக்காரரிடம் சொன்னதற்கு, மழைக்குக் கதவு ஊதும் என்று சிரித்தார். அவள் புகார் கொடுத்ததற்குக் குடிநீர் அலுவலகத்திலிருந்து வந்தவர் மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் போனார்.

"நாம காலி பண்ணிடலாங்க," என்றாள் கணவனிடம். "கீழ ஏதோ அரிக்குது."

அவன் நம்பினானோ இல்லையோ, மறுவாரம் வேறு வீடு பார்த்தான்.

போகும்போது மாடியேறி, தையற்காரரையும் கிளம்பச் சொன்னாள். பண்டிகை ஆர்டர் ஏதும் இல்லாத மாதம்தான். ஆனாலும் கடையும் வீடும் அவருக்கு ஒன்றே. "நீங்க சிம்பொனி கேட்டுக் கேட்டு, எல்லாமே உறுமுற மாதிரி இருக்கும்மா," என்றார். அவர் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

சில நாள் கழித்து, மதியம், கட்டடத்தின் பின்பாதி மண்ணுக்குள் இறங்கியது. அடியில் உடைந்த தண்ணீர்க் குழாய் எத்தனையோ காலமாக மண்ணைக் கரைத்து எடுத்துக்கொண்டிருந்தது. தையற்காரரை இடுப்பெலும்பு நொறுங்கிய நிலையில் வெளியே எடுத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலருகே நின்றாள். அவர் கேட்டார்: "இப்ப இருக்கிற வீட்டுல ஏதாவது கேக்குதாம்மா?"

"இல்லண்ணே," என்றாள்.

கேட்கிறதா என்று அவளுக்குத் தெரியாது என்பதே உண்மை. புது வீட்டின் தரையில் அவள் இன்னும் கை வைத்துப் பார்க்கவே இல்லை. அலமாரியில் ஆறாவதன் பதிவுகள் எல்லாம் கட்டுப் பிரிக்காமல் கிடந்தன. எதைப் போட்டாலும் அந்த மெல்லிய இடம் வரும், அடியில் ஏதாவது இருந்தால் அங்கே கேட்டுவிடும் என்று அவளுக்குத் தெரியும்.