அப்பா பிடித்த கயிறு

பக்கத்து வீட்டில் வெள்ளையடிக்கிறார்கள். ஈரச் சுண்ணாம்பு வாடை வந்தாலே, மைசூர் தேவராஜ மொஹல்லாவில் எங்கள் ஊதுபத்திக் கடை இருந்த வீதிதான் நினைவுக்கு வரும். தசராவுக்குள் வீதியை அழகாக்க வேண்டும், கடைகளெல்லாம் ஒரே வரிசையில் நிற்க வேண்டும், ஒரே மஞ்சள் பூச வேண்டும் என்று கடைக்காரர்கள் கூடியபோது அதிகம் பேசியவர் அப்பா. அளவுக் கயிற்றின் ஒரு முனையையும் அவரே பிடித்தார். கயிறு எங்கள் கடைக்கு நடுவில் போயிற்று.

“செத்த தள்ளிப் பிடிக்கப்படாதா?” என்றாள் அம்மா.

“எல்லாரும் பாத்துண்டிருக்கா,” என்றார்.

கயிற்றைத் தாண்டி நீண்டிருந்ததை இடித்தது போக மிஞ்சியதில் ஆள் உட்கார இடமில்லை.

தசரா ஊர்வலத்தன்று எல்லோரும் யானையைப் பார்த்தார்கள். அப்பா மட்டும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கடை வாசற்படி இருந்த இடத்தைத் தாண்டி, முன்பு கடைக்குள் இருந்த அந்த வீதித் துண்டில் வெறுங்காலோடு நின்றார்.