ஏற்காமல் வைத்த ராஜினாமா

எங்கள் சங்கத்தின் பைலாவில் பதினோராவது விதி நான் எழுதியது. மைசூரு அக்ரஹாரத்தில் ஒரு கோவிலுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு அறைகள்தான் சங்கம். வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்குச் சக்கர நாற்காலி, வாக்கர், காற்று மெத்தை எல்லாம் இலவசமாகக் கொடுத்து, தேவை முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வோம். கமிட்டியில் இருப்பவர்களும் அவர்கள் குடும்பத்தாரும் சங்கத்துப் பொருள் எதையும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது அந்த விதி. பதிவு செய்தபோது ஆடிட்டரும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்றார். ‘எந்தக் காரணத்தை முன்னிட்டும்’ என்று சேர்த்தது மட்டும் நான். கல்லூரி ஆபீசில் முப்பது வருடம் ஃபைல் பார்த்த திமிர், வேறென்ன!

ஒருமுறை கமிட்டிக்காரர் ஒருவர் தன் மாமியாருக்கு வாக்கர் கேட்டார்.

“நாமளே எடுத்துக்கிட்டா ஊர் என்ன பேசும்? ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல நாளைக்கு யார் போய் நிக்கிறது?” என்று எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன்.

மனிதர் முகம் தொங்கிப்போயிற்று. பக்கத்தில் எங்கள் இணைச் செயலாளர் உட்கார்ந்திருந்தாள். செயலாளர் நான், எனக்கு அடுத்தபடி அவள். சாமான் அறைச் சாவி எப்போதும் அவளிடம்தான்.

போன வருடம் அவள் ராஜினாமாக் கடிதம் கொண்டுவந்தாள். ‘சொந்தக் காரணம்’ என்று ஒரே வரி. கமிட்டி கூடி ஏற்றுக்கொண்டால்தான் ராஜினாமா செல்லும். அதுவும் பைலாவில் இருக்கிறது.

“என்னடி இது, திடீர்னு?”

“வீட்டுல கொஞ்சம் கஷ்டம் அக்கா. சீக்கிரம் மீட்டிங் போட்டு ஒத்துக்கிட்டா நல்லது.”

“கஷ்டம் யார் வீட்டுல இல்ல? இருக்கிறதே ஏழு பேர், அதுக்குக் கீழே போகக் கூடாது. கமிட்டி லிஸ்ட் ரிஜிஸ்ட்ராருக்குப் போகணும். இப்பப் போய் ஒரு ஆள் குறைஞ்சா நான் என்ன பண்ணுவேன்? லிஸ்ட் போகட்டும், அப்புறம் பார்க்கலாம்.”

“எப்போ அக்கா போகும்?”

“போறப்போ போகும்!”

நஞ்சன்கூட்டில் ஃபாக்டரி வேலை பார்த்து ஓய்வு பெற்ற அவள் கணவருக்கு, பாத்ரூமில் வழுக்கி விழுந்ததில் ஆபரேஷன் ஆகியிருந்தது எனக்குத் தெரியும். எப்படி இருக்கிறார் என்று ஒரு தடவை கேட்டேன். “பரவாயில்ல அக்கா” என்றாள். அதோடு விட்டுவிட்டேன். அதன் பிறகு மூன்று முறை போன் செய்து ராஜினாமா என்ன ஆயிற்று என்று கேட்டாள். மூன்றாம் முறை, “பதவி அவ்வளவு கசந்துபோச்சா உனக்கு?” என்று கேட்டு போனை வைத்தேன். என்ன வாய் இது எனக்கு!

லிஸ்ட் போவதற்குள் அவர் போய்விட்டார்.

துக்கம் கேட்கப் போனேன். பழைய மரக்கட்டிலில் கட்டிதட்டிப்போன பஞ்சு மெத்தை. அதன்மேல், தண்ணீர் நிரப்பி முடிச்சுப் போட்ட நாலைந்து ரப்பர் கையுறைகள். என்ன என்று பார்த்தேன். பக்கத்தில் நின்ற மகள் சொன்னாள்.

“முதுகெல்லாம் புண்ணு ஆன்ட்டி. படுக்க முடியாம கத்துவார். நர்ஸ் சொன்னாங்கன்னு இதைத்தான் அடியில வெச்சோம். ராஜினாமாவை ஒத்துக்கிட்டா நாமும் மத்தவங்க மாதிரி எழுதிக் கேட்டு காத்து மெத்தை வாங்கிக்கலாம்னு அம்மா சொல்லிட்டே இருந்தாங்க.”

சாமான் அறையில் இரண்டு காற்று மெத்தைகள் உறை பிரிக்காமல் கிடந்தன. சாவி இந்த வீட்டு ஆணியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்துப் போயிருந்தால் யாருக்குத் தெரியும்? ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருந்தாலும் ஆகியிருக்குமே என்று அவள்மேல் கூடக் கோபம் வந்தது. சொல்லும்படி நான் நடந்துகொண்டேனா என்பது வீடு திரும்பும்போதுதான் உறைத்தது.

அடுத்த மாதம் கமிட்டி கூடியது. முதல் விஷயமே அவள் ராஜினாமா. அவளும் வந்திருந்தாள். கடிதத்தை வாசிக்க எடுத்தேன்.

“ஹோகலி, போகட்டும் விடுங்க அக்கா” என்றாள் அவள். “அதைத் திருப்பிக் குடுத்துடுங்க. ஏழு பேர் வேணும்தானே? இனிமே சங்கத்துல கேட்டு வாங்க எங்க வீட்டுல யாரும் இல்ல.”

நடவடிக்கைப் புத்தகத்தில், ‘ராஜினாமா திரும்பப் பெறப்பட்டது’ என்று எழுதி அவள் பக்கம் தள்ளினேன். கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தாள். காற்று மெத்தை கேட்டு வாசலில் ஒருவர் காத்திருந்தார். சாவியை எடுத்துக்கொண்டு போனாள்.